சம்பளத்தைப் பேசி முடிக்காமல் ஆள் எடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு பதிப்பில் கிளிநொச்சி வர்த்தகர் ஒருவர் எழுதிய கடிதத்தை வாசித்தேன். வன்னிப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தாலும் செய்ய மனமில்லை, நேர்முகப் பரீட்சையில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு முதலாம் திகதி வராமல் விடுகிறார்கள், போனையும் நிறுத்திவிடுகிறார்கள் என்று நொந்துபோய் எழுதியிருந்தார். நடந்தது உண்மையாகத்தான் இருக்கும். எங்களுக்கும் நடந்திருக்கிறது. ஆனால் அதற்குக் காரணம் சோம்பல் என்று அவர் முடிவு கட்டியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உழவு இயந்திரங்களும் அவற்றுக்கான உதிரிப்பாகங்களும் விற்கும் நிறுவனம் ஒன்றில் ஆளணிப் பகுதியைப் பார்க்கிறேன். தலைமைக் கடை ஏ9 வீதியில் இருக்கிறது. புதுக்குடியிருப்பிலும் மல்லாவியிலும் கிளைகள் உண்டு. கணக்கு எழுதுபவர், மெக்கானிக், விற்பனைப் பிரதிநிதி, சாரதி, களஞ்சியக் காப்பாளர் என்று எல்லா இடத்துக்கும் ஆள் எடுப்பது என் வேலை. நானும் இதே நிறுவனத்தில் காசாளராகச் சேர்ந்து மேலே வந்தவள்தான். அன்று சம்பளம் கேட்கக் கூசியவளும் நான்தான், இன்று சம்பளம் சொல்பவளும் நான்தான்.

எங்கள் பக்கத்து நேர்முகப் பரீட்சைகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் முடியும். "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்கள்?" என்று கேட்போம். பிள்ளை மேசையைப் பார்க்கும். பிறகு, "நீங்கள் பாத்துத் தாங்கோ மிஸ்" என்று சொல்லும். முதலாளிமாருக்கு இந்தப் பதிலைக் கேட்க நல்ல சந்தோஷம். ஒரு தொகையைச் சொல்வார்கள், பிள்ளை "ஓம்" என்னும், ஒன்றாம் திகதி வரச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆள் கிடைத்துவிட்டது என்று விளம்பரத்தையும் நிறுத்திவிடுவார்கள்.

உண்மையில் அங்கே எதுவும் பேசி முடிந்திருக்காது. பேச்சு தொடங்குவதே பிள்ளை வீட்டுக்குப் போன பிறகுதான். அம்மா கேட்பா, சித்தப்பா கேட்பார், சுவிஸில் இருக்கும் மாமா வட்ஸ்அப்பில் கேட்பார். பெற்றோலுக்கு எவ்வளவு போகும், மத்தியானச் சாப்பாடு யார் தருவது, சனிக்கிழமையும் போக வேண்டுமா என்று ஒவ்வொன்றாக வரும். (மாமா அந்தத் தொகையைப் பிராங்கில் மாற்றிப் பார்த்துவிட்டு "இதுவும் ஒரு சம்பளமோ" என்று சொல்வது தனிக்கதை.) நேர்முகத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எல்லாம் அந்த விறாந்தையில்தான் கேட்கப்படுகின்றன. பதில் சொல்ல அங்கே எங்கள் ஆள் யாரும் இல்லை. பிள்ளைக்கும் ஒன்றும் தெரியாது. அதற்கிடையில் இன்னோர் இடத்தில் மூவாயிரம் கூடத் தருவதாகச் சொன்னால் அங்கே போய்விடுகிறது. "நான் வரேல்லை" என்று ஒரு பெரிய மனிசருக்குச் சொல்ல வெட்கம், போனை நிறுத்திவிடுகிறது. பேரம் நடக்காமல் இல்லை. அது நாங்கள் இல்லாத இடத்தில் நடந்து முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இந்தப் பிள்ளைகள் பேரம் தெரியாத வீட்டில் பிறந்தவர்களும் இல்லை. தகப்பன் இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்பவராக இருப்பார். பெரும்போகம் வெட்டி முடிய லொறியோடு வரும் வியாபாரியிடம் கிலோவுக்கு இரண்டு ரூபாய்க்காக வெயிலில் நின்று வாக்குவாதப்படுவார். ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறாய், சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறாய், காசு இன்றைக்கா அடுத்த கிழமையா என்று ஒன்றும் விடாமல் கேட்பார். அவருடைய மகள் தன் உழைப்புக்கு விலை பேச வந்தால் மட்டும் வாய் திறக்கமாட்டாள். காசைப் பற்றிக் கேட்டால் பேராசைக்காரி என்று நினைப்பார்கள், வேலையே கிடைக்காமல் போய்விடும் என்று பயம். அந்தப் பயம் வீண் பயமும் இல்லை. சம்பளத்தைக் கூட்டிக் கேட்டதற்காக விண்ணப்பத்தையே தூக்கி ஒரு பக்கம் வைத்த முதலாளிமாரை எனக்குத் தெரியும்.

இதற்கு இன்னொரு பழைய காரணமும் உண்டு. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும் என்று சொல்லி வளர்த்த சமூகம் நாங்கள். அரசாங்க உத்தியோகத்தில் சம்பளம் பேசுவதற்கு இடமில்லை. சுற்றறிக்கையில் தரமும் படிநிலையும் இருக்கும், அதன்படி வரும். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு வந்த அரசசார்பற்ற நிறுவனங்களிலும் அப்படித்தான். திட்டத்துக்கு இவ்வளவு என்று வேறெங்கோ தீர்மானித்துத்தான் இங்கே கொண்டுவந்தார்கள். திட்டம் முடிய அந்த வேலையும் முடிந்தது. லீசிங் கம்பனிகளும் பெரிய கடைகளும் ஏ9 வழியே வரிசையாக வந்ததும் யுத்தத்துக்குப் பிறகுதான். ஆகவே தனியார் நிறுவனத்தில் சம்பளம் பேசுவது எப்படி என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கத் தாய் தகப்பனுக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையை நாங்கள் இலாபமாக்கிக்கொள்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

"மாதம் 55,000" என்று சொல்லி ஆள் எடுக்கும் ஒரு இடத்தை வைத்துக்கொள்வோம். நியமனக் கடிதம் கைக்கு வந்ததும் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 30,000. வரவுக் கொடுப்பனவு 10,000, விற்பனை இலக்கை எட்டினால் 15,000. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒரு நாள் லீவில் நின்றாலும் வரவுக் கொடுப்பனவு போய்விடும். மழை பிந்தி வயல் வேலை தாமதித்தால் யாரும் உழவு இயந்திரம் வாங்க வரமாட்டார்கள், இலக்கும் போய்விடும். மிஞ்சுவது முப்பது. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு எட்டு வீதம், அதாவது 2,400 கழித்தால் கையில் 27,600. இன்னோர் இடத்தில் 48,000 என்று சொல்கிறார்கள், முழுவதும் அடிப்படை. கழிவு போகக் கையில் 44,160. கேட்ட உடனே பிள்ளை ஐம்பத்தைந்தை நோக்கித்தான் ஓடும்.

கையில் வருவதோடு கணக்கு முடிவதும் இல்லை. இப்படிப் பிரித்துக் கொடுக்கும் இடங்களில் சேமலாப நிதியை அடிப்படைக்கு மட்டும்தான் கட்டுகிறார்கள். தொழில் தருநர் போடும் பன்னிரண்டு வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கான மூன்று வீதமும் முப்பதாயிரத்துக்கு 4,500 ஆகும். நாற்பத்தெண்ணாயிரத்துக்கு அது 7,200. ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் சேரும், பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்தால். ஆறு வருடம் இருந்துவிட்டு விலகும்போது ஒருவருக்கு 90,000 வரும், மற்றவருக்கு 1,44,000. நேர்முகத்தில் யாரும் இதைச் சொல்வதில்லை. பிள்ளை கேட்பதும் இல்லை. கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: "இதில பேசிக் எவ்வளவு?"

சட்டப்படி ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும் 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் கூடியிருக்கிறது. மேலே சொன்ன முப்பதாயிரம் எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கும். சட்டம் சொல்லும் அடித்தரையை அடிப்படைச் சம்பளமாகப் போட்டுவிட்டு, மிச்சத்தை வரலாம் வராமலும் போகலாம் என்று தொங்கவிடுவது இப்போது வழக்கமாகி வருகிறது.

எங்கள் இடத்தில் என்ன செய்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெரிவான ஆளுக்கு ஒரு பக்கத்தில் தமிழில் ஒரு தாள் கொடுக்கிறோம். அடிப்படை எவ்வளவு, நிச்சயமாக வரும் கொடுப்பனவு எவ்வளவு, நிச்சயமில்லாதது எவ்வளவு, கழிவு போகக் கையில் எவ்வளவு என்று அதில் இருக்கும். வேலை நேரம், சனிக்கிழமை எத்தனை மணிவரை, ஓவர் டைம் எப்படிக் கணக்கிடுவது, ஆறு மாதத்தில் சம்பளம் மீளாய்வு உண்டா என்பதெல்லாம் வரும். வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இலேயே சொல்லிவிட்டது, ஆகவே நாங்கள் பெரிய தர்மம் செய்யவில்லை. சட்டம் சேரும் நாளன்று கேட்பதை நாங்கள் சேர முதல் கொடுக்கிறோம். தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று நாளில் பதில் சொல்லுங்கள், அம்மாவுக்குக் கேள்வி இருந்தால் அம்மாவையே கதைக்கச் சொல்லுங்கள் என்று என் இலக்கத்தையும் கொடுப்பேன். ஆங்கிலக் கடிதம் ஒன்றைக் கொடுத்தால் அந்த வீட்டில் அதை வாசித்து விளங்கப்படுத்த சுவிஸ் மாமாதான் வர வேண்டும்.

"இருபத்து நாலு வயசுப் பிள்ளை தாயைக் கேட்டே முடிவெடுக்கிறது?" என்று ஒரு நண்பர் சிரித்தார். கேட்கத்தான் செய்யும். எங்கள் வீடுகளில் அப்படித்தான். அதை மாற்றுவது என் வேலை இல்லை. அந்தப் பேச்சுக்கு நானும் ஒரு கதிரை போட்டுக்கொள்வதுதான் என் வேலை.

விசுவமடுவில் இருந்து வந்த ஒரு பிள்ளையைக் கணக்குப் பகுதிக்குத் தெரிவு செய்திருந்தோம். நல்ல கெட்டிக்காரி, வங்கிக் கூற்றையும் காசுப் புத்தகத்தையும் ஒத்துப்பார்க்கக் கொடுத்த பரீட்சையில் ஒரு பிழையும் இல்லை. தாளை வாங்கிக்கொண்டு போனவள். இரண்டாம் நாள் தாய் எடுத்தா. சம்பளத்தைத்தான் கேட்கப்போகிறா என்று முதலாளியிடம் எவ்வளவு வரை ஏறலாம் என்று முன்னதாகவே கேட்டு வைத்திருந்தேன்.

"காசு குறைவெண்டு நான் சொல்லேல்லைப் பிள்ளை. அஞ்சரைக்கு விட்டால் இவள் பரந்தனில நிண்டு பஸ் பிடிச்சு வர நல்லா இருட்டிப்போம். தகப்பனும் இல்லை, சந்திக்குப் போய்க் கூட்டிவர ஆளில்லை. அதுக்கு என்ன செய்யலாம் எண்டு சொல்லுங்கோ."

காலையில் அரை மணி முந்தி வந்து பின்னேரம் அரை மணி முந்திப் போகலாம் என்று தாளில் ஒரு வரி சேர்த்தேன். அவ்வளவுதான். நான் கையில் வைத்திருந்த கூடுதல் ஐயாயிரத்தை அவ கேட்கவே இல்லை. கேட்காததால் கொடுக்காமல் விடுவதா என்று ஒரு யோசனை வந்தது. அதே வேலைக்கு முந்திய மாதம் சேர்ந்த பையனுக்கு அந்தத் தொகைதான் கொடுத்திருந்தோம், ஆகவே அவளுக்கும் போட்டோம். முதலாளி முணுமுணுத்தார். "ஒருத்திக்கு நேரத்தை மாத்தினால் எல்லாரும் கேப்பினம்." தூரத்தில் இருந்து வரும் இரண்டு பேர்தான் கேட்டார்கள்.

கேட்பவனுக்குக் கூடவும் கேட்காதவளுக்குக் குறையவும் கொடுப்பது கெட்டித்தனம் என்று நினைக்கும் முதலாளிமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். சம்பளத்தை இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று கடிதத்தில் எழுதுகிறீர்கள். கிளிநொச்சியில் இரகசியமா? இவனுடைய மச்சாள் அவளோடு படித்தவளாக இருப்பாள். அவளுடைய பெரியம்மா இவன் வீட்டுக்குப் பின் வளவில் இருப்பா. முதல் சம்பளம் வந்த கிழமையே இரண்டு சிட்டையும் ஒரே முற்றத்தில் விரிக்கப்படும். அன்றைக்கே அவள் வேறு வேலை தேடத் தொடங்கிவிடுவாள். நீங்கள் மிச்சம் பிடித்த ஐயாயிரம், புதிய ஆளுக்கு விளம்பரம் போடவும் பழக்கி எடுக்கவும் காணாது.

இன்னொன்று, "வீட்டில இருந்துதானே வாறாய், இது காணும்தானே" என்ற கதை. கொழும்பில் எழுபதாயிரம் வாங்குபவன் வெள்ளவத்தையில் அறை வாடகையும் கடைச் சாப்பாடும் கொடுத்துவிட்டு எதை மிச்சம் பிடிப்பான் என்று கணக்குக் காட்டுவது நியாயம்தான். நானும் காட்டுவேன். ஆனால் ஒரு பிள்ளைக்கு வீட்டில் சோறு இருக்கிறது என்பதற்காக அதன் வேலையின் விலை குறைவதில்லை. அந்தச் சோறு தாயின் உழைப்பு, கம்பனியின் உழைப்பு இல்லை. "கலியாணம் கட்டினால் விட்டுட்டுப் போயிடுவாய்தானே" என்று சொல்லிப் பெண் பிள்ளைகளுக்குக் குறைப்பதைப் பற்றி எழுதவே கை கூசுகிறது.

பழைய சம்பளச் சிட்டையைக் கேட்டு அதன்மேல் ஐயாயிரம் கூட்டிச் சொல்வதையும் நான் செய்வதில்லை. இங்கே பல கடைகளில் சிட்டையே இல்லை, கையில் காசு. முன்னைய முதலாளி குறையக் கொடுத்ததை நானும் ஏன் தொடர வேண்டும்? வேலைக்கு ஒரு விலை இருக்கிறது. இத்தனையில் இருந்து இத்தனை வரை என்று முதலே முதலாளியோடு பேசி எழுதி வைத்துவிட்டுத்தான் ஆள் தேடத் தொடங்குவேன். அந்த எல்லைக்குள் எங்கே நிற்பது என்பதைத்தான் வருபவரோடு பேசுகிறோம்.

அப்படிப் பேசத் தெரிந்தவர்களும் வருகிறார்கள். அறிவியல்நகரில் இருக்கும் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகத்தில் படித்த ஒரு தம்பி மெக்கானிக் வேலைக்கு வந்தார். நாங்கள் சொன்னதற்கு மேல் பத்தாயிரம் கேட்டார். ஏன் என்று கேட்டேன். "ஹைட்ரோலிக் பம்பைக் கழட்டாமலே எங்க பிழையெண்டு கேஜ் போட்டுச் சொல்லுவன். உங்கட ஆக்கள் இப்ப அதை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினம்" என்றார். உண்மைதான், அனுப்பிக்கொண்டுதான் இருந்தோம். ஆறாயிரம் இப்போது, மிச்சம் நாலாயிரம் ஆறு மாதம் கழித்து எங்கள் தலைமை மெக்கானிக் பார்த்துச் சரி என்றால், இரண்டையும் கடிதத்திலேயே எழுதித் தருகிறேன் என்றேன். அதற்கு மேல் என்னால் ஏலாது என்றும் சொன்னேன். அது உண்மையாகவே என் எல்லை. ஒரு நாள் யோசித்துவிட்டு வந்து கையெழுத்து வைத்தார். எல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் இரண்டாயிரம் ஏறினால் பிறகு நான் சொல்லும் எதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

சான்றிதழ் விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஆள் ஓடாமல் இருக்க அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. 2009இல் உடுத்த உடுப்போடு போனபோதும் பொலித்தீன் பையில் பிறப்புச் சான்றிதழையும் பரீட்சைப் பெறுபேற்றையும் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு போன தாய்மார் இருக்கும் மாவட்டங்கள் இவை. தவறவிட்டவர்கள் பிரதி எடுக்க எத்தனை கந்தோர் ஏறி இறங்கினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பையைக் கொண்டுவந்து உங்கள் லாச்சிக்குள் வை என்று சொன்னால் எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? அசலைப் பார்த்துவிட்டுப் பிரதி எடுத்துக்கொண்டு அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூட்டி வைத்த சான்றிதழுக்காக நிற்கும் ஆள் மனம் வைத்து வேலை செய்யமாட்டான்.

பிள்ளைகளுக்கும் சொல்ல இருக்கிறது. சம்பளத்தைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. தொகையைச் சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். "வீட்டுச் செலவு கூட" என்பது உங்களுக்குக் காரணம், எங்களுக்கு இல்லை. உங்களுக்கு என்ன செய்யத் தெரியும் என்பதுதான் எங்களுக்குக் காரணம். வேறு இடத்தில் கூடத் தருகிறார்கள் என்றால் கையெழுத்து வைக்க முதல் சொல்லுங்கள், ஏலுமென்றால் ஏறுவோம், ஏலாவிட்டால் வாழ்த்தி அனுப்புவோம். கையெழுத்து வைத்துவிட்டு அந்தத் தாளைக் காட்டி மற்ற இடத்தில் விலை ஏற்றுவது சரியில்லை. வராவிட்டால் வரவில்லை என்று ஒரு மெசேஜ் போடுங்கள். பேச வெட்கமாக இருந்தால் எழுத்தில் வெட்கம் எதற்கு? அடுத்தபடியாக நின்ற ஆளுக்கு அன்றைக்கே சொல்லி எடுத்துவிடுவோம், அந்தப் பிள்ளையும் ஒரு மாதம் வீணாகக் காத்திருக்காது.

கடைசியாக ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஞாயிறு பதிப்பின் வேலைவாய்ப்புப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். "கவர்ச்சிகரமான சம்பளம் வழங்கப்படும்", "தகைமைக்கேற்ற சம்பளம்", "சம்பளம் பேசித் தீர்மானிக்கப்படும்" என்றுதான் எல்லா விளம்பரத்திலும் இருக்கிறது. இதை நம்பி முல்லைத்தீவில் இருந்து பஸ் ஏறி, அரை நாள் காத்திருந்து, தொகையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பிப் போகும் பிள்ளைகள் எத்தனை பேர். எங்கள் விளம்பரத்தில் அடிப்படைச் சம்பளம் இத்தனையில் இருந்து இத்தனை வரை என்று போடத் தொடங்கிய பிறகு விண்ணப்பங்கள் குறைந்தன. வந்தவர்கள் அந்தத் தொகைக்கு வரத் தயாரானவர்கள். எனக்கும் மிச்ச வேலை குறைந்தது.

எல்லா முதலாளிமாரும் தாங்களாகவே இதைப் போடமாட்டார்கள். விளம்பரத்துக்கு வரிக்கணக்கில் காசு எடுக்கிறீர்கள். அடிப்படைச் சம்பளத்தைக் குறிப்பிடும் அந்த ஒரு வரிக்கு மட்டும் கட்டணம் எடுக்காமல் விடலாமா? உங்களுக்கு நட்டம் பெரிதாக வராது. விளம்பரம் எடுக்கும் உங்கள் கிளிநொச்சி, வவுனியா முகவர்களிடமும் "சம்பளம் எவ்வளவு எண்டு போடட்டோ?" என்று ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள். அடுத்த மாதம் களஞ்சியக் காப்பாளர் இடத்துக்கு நாங்கள் விளம்பரம் கொடுக்க இருக்கிறோம். இலவசமோ இல்லையோ, தொகையைப் போட்டுத்தான் அனுப்புவேன்.

இப்படிக்கு,
ஆளணிப் பொறுப்பாளர் ஒருத்தி,
கிளிநொச்சி.